பிணக்கும் பகையும்

மக்கள் தம்முட் கருத்தொவ்வாது நிற்கும் நிலைகளைக் குறித்தற்குத் தமிழிற் சொற்கள் பலவுள. வேறுபாடு, மாறுபாடு, பிணக்கு, வழக்கு, இகல், பகை என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் பன்மொழிபோல ஆளப்படினும், தம்முள் நுண்ணிய வேற்றுமையுடையன. அவ்வேற்றுமை உணராவழிச் சிறிய கருத்து வேற்றுமையும் பெரும்பகையாய் முடியுமாதலின், அவற்றை ஈண்டு முறையே ஆராய்தல் பயனுடைத்து.

வேறுபாடு என்பது ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமை மாத்திரையே. அதன்கண் எதிர்ப்பு இல்லை. மாறுபாடு அங்ஙனமன்று, ஒருவர் கொண்டதனை மற்றொருவர் மறுத்து எதிர்நிற்றல் அது. சமயநூலார் பெரிதும் மேற்கொண்டது இம்மாறுபாடேயாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலோகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களை மறுக்குங்கால், அவரவர் கொள்கையை முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுப்புக் கூறினார். எதிரி கூறுவதனை முற்ற அறியாதான் மறுத்தற்கும் உரியனல்லன் என்பது இம்முறையாற் பெறப்படும். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களை நால்வகைப்படுத்து, ஒவ்வொன்றும் அறுவகைத்தாக 24 என எண்ணும் வழக்கும், சேய்மை அணிமைகளை அளந்ததன்றி எவரையும் எண்ணாது ஒழித்ததன்று.

பிணக்கு என்னுஞ் சொல் பின்னுங் கருதத்தக்கது. பிணங்குதல் என்பதற்கு மாறுபடுதல் என்பதோடு, ஒன்றோடொன்று பின்னிக்கிடத்தல் என்னும் பொருளும் உண்டு. விசுவேசுவரர் எழுந்தருளிய நல்லூரை உள்ளிட்ட திருப்பூர்ப் பகுதியிற் பின்னலாடைத் தொழில் செய்வார் இதனை எளிதின் அறிவர். அணுகிக் கிடக்கும் நூல்களே சிக்குறும். தொலைவிற் கிடப்பன சிக்குறா. அங்கு 1984ஆம் ஆண்டிற் பஞ்சப்படி வேண்டித் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஒரு தொழிலாற் பிணைந்தார் இருசாராரிடை நிகழ்ந்தமையின் அதுவும் பிணக்கேயாம்.

இறைவனைப் பரவையார்பால் தூதனுப்பிய செய்தி கேட்டு நம்பியாரூரர்மேற் சினங்கொண்ட ஏயர்கோன் கலிக்காமர், அவரால் தமது சூலைநோய் தீர்தலினும் இறத்தல் நன்றென உடைவாளாற் குத்திக்கொண்டார். அதுகண்டு ஆரூரரும் அவ்வாளைப் பற்றித் தம்முயிர் விடத் துணிய, திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அதனைத் தடுத்தார், இருவரும் நண்பராயினர். இருவரும் ஓரிறைவற்கே அன்பராதலின், அப்பிணக்கு அறுபடாது நட்பாய் அவிழ்ந்தது.

இகல் என்பது மாறுபாடு நெஞ்சில் ஊன்றி, உண்மை காணும் விருப்பொழிந்து வெல்லும் விருப்பே எஞ்சிய நிலை. அது முற்றிய இடத்துப் பகை தோன்றும். பகை என்பது பகு என்னும் அடியாற் பிறந்தது. பகிர்வும் பகுதியும் அவ்வடியினவே. நுகத்தின் நடுவிடத்து ஆணியைப் பகலாணி என்பதும் அக்குடியதே. ஆகவே பகுத்தல் தன்னளவில் தீதன்று. பகுத்துக் கொடுத்தல் ஈகை. பகுத்து நடுநிற்றல் நடுவுநிலை. பகுத்தபின் ஒருபாற் சாய்ந்து மற்றதனை வெறுத்தலே பகை. திருவள்ளுவர் இகலை 86ஆம் அதிகாரத்தும், உட்பகையை 89ஆம் அதிகாரத்தும் வைத்து அவற்றின் கேட்டினை விளக்கினார்.

வழக்கு என்பது சொல் வழங்கும் முறைக்கும், மன்றத்து முறையீட்டிற்கும் பொதுப்பெயர். 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தகாலை, அருட்பா என்னும் பெயர் எவற்றிற்கு உரியது என்பதே ஆறுமுக நாவலர் எழுப்பிய தடையாயிற்று. சொல்வழக்காய்த் தொடங்கிய அது, மறுப்பு நூல்களாய்ப் பெருகி, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்து வழக்காயும் ஆயிற்று. இருவரும் சிவபத்தியிற் சிறந்தோர். ஆயினும் அவர்க்குப் பின்னும் அப்பூசல் சார்ந்தோர் வாயிலாக நெடிது நின்றது. மாறுபாடு இகலாய்த் திரியுமிடம் யாது என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

இத்திரிபினைத் தடுக்கும் நெறி சித்தாந்தத்தின் நடுவிலேயே உளது. அத்துவிதம் என்பதன்கண் உள்ள எதிர்மறை, இன்மையும் மறுதலையும் குறியாது அன்மை குறித்தது என்பர் ஆசிரியர். இறையும் உயிரும் பொருளால் வேறாயினும், உடலும் உயிரும்போலப் பிரிப்பின்றி நிற்கும். இருபொருள் தம் வேறுபாடு நீங்காமலே பிரிவின்றி நிற்றல் கூடுமென்பது இதனாற் போந்த உண்மை. இதனை ஓதியவர் கருத்து வேறுபட்டாரைப் பகைவரென எண்ணுவராயின், ஓதியதும் ஓதாததும் ஒன்றேயாம் என்க.