இதயத் தடையை ஈசிஜியில் அறிவது

வழக்கமான வேகத்தில் ஓடும் ஈசிஜி தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. மேலறைகளின் மின்தூண்டல் ‘பி’ அலையாகவும், கீழறைகளுடையது கூர்மையான ‘க்யூஆர்எஸ்’ ஆகவும் பதிவாகும். இரண்டின் தொடக்கங்களுக்கும் இடையே 3 முதல் 5 சிறு கட்டங்கள் இருப்பதே இயல்பு.

இந்த இடைவெளி 5 கட்டங்களைத் தாண்டினாலும் எந்தத் துடிப்பும் விடுபடாவிட்டால் அது முதல் நிலைத் தடை. பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

குழப்பம் இரண்டாம் நிலையில்தான். இடைவெளி படிப்படியாக நீண்டு, பிறகு ஒரு துடிப்பு விடுபடுவது வெங்கேபாக் வகை. ஈசிஜி கருவி மருத்துவமனைக்கு வருமுன்பே, 1899இல், நாடிப் பதிவை மட்டும் வைத்து டச்சு மருத்துவர் வெங்கேபாக் இதைக் கண்டறிந்தது வியப்புக்குரியது. விளையாட்டு வீரர்கள் உறங்கும்போதும் இது தோன்றும். மோபிட்ஸ் என்ற மருத்துவர் 1924இல் பிரித்துக் காட்டிய இரண்டாம் வகை அப்படியல்ல: இடைவெளி மாறாதிருக்க, திடீரென ஒரு துடிப்பு காணாமற்போகும். அது முழுத் தடையாக மாறக்கூடும் என்பதால் பொதுவாக பேஸ்மேக்கர் பொருத்துவார்கள்.

மூன்றாம் நிலையில் ‘பி’ அலைகள் ஒரு தாளத்திலும், ‘க்யூஆர்எஸ்’ அதைவிட மெதுவான வேறொரு தாளத்திலும் தொடர்பின்றி ஓடும். கீழறைத் துடிப்பு நிமிடத்துக்கு 40க்கும் கீழே இறங்கலாம். சிங்கப்பூரின் காத்தோங்கில் ஒருவர் இப்படி மயங்கி விழுந்தால் உடனே 995ஐ அழைக்க வேண்டும்.