குழந்தையை யாரிடம் விடுவது?

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, புதுத் தாய்மார்களின் முகத்தில் படரும் கவலையை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். சென்ற வருஷம் நம்முடன் பணியாற்றும் ஓர் இளம் உபாத்தியாயினி, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். "தெருக்கோடியில் ஓர் அம்மாள் தம் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். கடைத்தெருவில் ஒரு காப்பகமும் இருக்கிறது. எதில் விடட்டும்?" என்று கேட்டார். தாயார் காலமாகிவிட்டார், மாமியாரோ கிராமத்தில், படுத்த படுக்கையாயிருக்கும் மாமனாரை விட்டு நகர முடியாதவர்.

சட்டம் 26 வாரம் லீவு கொடுக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். அந்த லீவும், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் காப்பகம் வேண்டும் என்ற விதியும், தாய் தினம் நான்கு முறை அங்கே போய் வரலாம் என்ற உரிமையும் 2017-ம் வருஷத்துத் திருத்தத்தில் வந்தவை. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை இடம் பெற்றன. ஆனால் 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நம் தோழி ஆறு வாரம் எடுத்துவிட்டார். மிச்சம் இருபது வாரம். குழந்தைக்கு ஐந்து மாதம்கூட நிறையவில்லை! தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளி ஆசிரியைகளுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷ லீவு உண்டு. தனியார் பள்ளியில் இருப்பவர் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறென்ன செய்வது?

காப்பகம் என்றதும் நம்மவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மேல்நாட்டு நாகரிகம் என்கிறார்கள். பாரிஸ் நகரில் 1844-ல் பிர்மான் மார்போ என்பவர் அத்தகைய இல்லம் ஒன்றைத் திறந்தது மெய்தான். ஆனால் நம் நாட்டிற்கும் இதில் ஒரு சரித்திரம் உண்டு. தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக பாலவாடி நடத்தினார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் டில்லியில் கண்காட்சி மண்டபங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது, செங்கல் சுமக்கும் பெண்களின் சிசுக்கள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அந்தக் குழந்தைகளுக்கு வேண்டியிருந்தது நம் குழந்தைகளுக்கு மட்டும் இழுக்காகி விடுமா?

நாங்கள் இருவரும் முதலில் காப்பகத்திற்குப் போனோம். சுவரெல்லாம் சித்திரங்கள், பளபளக்கும் தரை, வாசலில் காமிரா. நம் கண் ஆயாக்களை எண்ணியது. ஒன்பது சிசுக்களுக்கு இரண்டு பேர். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். ஒரு குழந்தை அழும்போது இன்னொன்றுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தால் அழுகிற குழந்தை காத்திருக்கத்தான் வேண்டும்; ஆயா எவ்வளவு நல்லவரானாலும் அவருக்கு இரண்டு கைதான். "நீங்கள் இங்கே வந்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டோம். ஒருவர் இரண்டு மாதம் என்றார், மற்றவர் மூன்று வாரம் என்றார். சித்திரங்களை விட இந்தப் பதிலே நமக்கு அதிகம் சொல்லிற்று.

தெருக்கோடி அம்மாளின் வீட்டில் சித்திரமும் இல்லை, காமிராவும் இல்லை. இரண்டு வயதில் ஒரு பையன், கூடத்தில் ஒரு தூளி, அடுக்களையில் சாம்பார் வாசனை. அவரிடம் நாம் கேட்டவை இவை: குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பீர்களா? அந்தப் பையனுக்கு எல்லா ஊசிகளும் போட்டாயிற்றா? மணல்வாரிக்கான ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடப்படுவதால், அதுவரை சுற்றியிருப்பவர்களின் ஊசியே சிசுவுக்குக் காவல். பீச்சி எடுத்த தாய்ப்பாலைக் குளிர்ப்பெட்டியில் வைக்க இடம் உண்டா? நம் ஊர் வெயிலில் அதை வெளியே வைப்பது சரியல்ல. குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரை தாங்கும். எல்லாவற்றிற்கும் அம்மாள் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "நாலு பிள்ளை பெற்றவளிடம் பரீட்சை வைக்கிறீர்களே!" என்று சிரித்தார். உபாத்தியாயர் தொழில் செய்கிறவர்களுக்கு வேறென்ன தெரியும்?

குழந்தை அங்கேயே விடப்பட்டது. அதில் குறை இல்லாமலும் இல்லை. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விட்டுவிட, நம் தோழி சொல்லாமல் போய் நின்றார். அம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கண் மங்கிய கிழ மாமியார் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் நம் தோழிக்கு அன்றிரவு தூக்கமில்லை. காப்பகமாயிருந்தால் இன்னோர் ஆயாவாவது இருந்திருப்பார். அம்மாளுக்கு ஜுரம் வந்த நாட்களில் இவர் சம்பளமில்லாமல் வீட்டிலிருக்க வேண்டியும் வந்திராது. தனியொருவரை நம்பும் ஏற்பாட்டில் இந்தப் பலவீனம் எப்போதும் உண்டு.

மறுநாள் அவர் கோபிக்காமல் பேசினார். கடைக்குப் போகும் நாளை முன்னதாகச் சொல்லிவிடுவது, அன்று அவர் கணவர் லீவு எடுப்பது என்று முடிவாயிற்று. கணவர் லீவு எடுப்பதா என்று காரியாலயத்தில் சிரித்தார்களாம்; சிரிக்கட்டும்.

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல வருஷம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நல்ல காப்பகத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சு சற்று மேம்பட்டிருந்ததாம். நெடுநேரம் காப்பகத்திலிருந்தவர்களிடம் முரட்டுத்தனம் சற்று அதிகமாம். இவ்விரண்டையும் விட வீட்டில் தாய் தந்தையர் எப்படிப் பழகினார்கள் என்பதே பெரிதாகத் தெரிந்தது. ஆகையால் அக்கம்பக்கத்தார் "அங்கே விட்டாயா, இங்கே விட்டாயா" என்று ஒரு தாயைக் குடைவதில் நியாயமில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

குழந்தைக்கு இப்போது ஒன்றே கால் வயது. ஓடியாடத் தோழர்கள் வேண்டுமென்று அடுத்த மாதம் காப்பகத்தில் சேர்க்க உத்தேசித்திருக்கிறார்கள். பழைய ஆயா ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான். செய்தி கேட்டதிலிருந்து தெருக்கோடி அம்மாள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சனிக்கிழமைகளில் குழந்தையைத் தம்மிடம் கொண்டுவந்து விட வேண்டும், பணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.