தேநீர் நல்லதே, தூள் நல்லதாக இருந்தால்!

அதிகாலையில் கோட்டாறு கம்போளத்தில் லாரிகளில் இருந்து மூட்டைகள் இறங்கும்போதே, பக்கத்துத் தேநீர்க் கடைகளில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். வடசேரி கனகமூலம் சந்தையிலும், தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்நகர், குலசேகரம் கடைவீதிகளிலும் இதே நிலைதான். மேற்கே ‘சாயா’ என்கிறோம். கிழக்கே ‘டீ’ என்கிறோம். பால் சேர்க்காவிட்டால் ‘கட்டன்’ என்கிறோம். பெயர் எதுவானாலும் இந்தப் பானம் இல்லாமல் நம் வணிகம் விடிவதில்லை. சரக்குப் பேசுவதும், விலை முடிப்பதும், பழைய பாக்கியை மெல்ல நினைவூட்டுவதும்கூடத் தேநீர்க் கடை பெஞ்சில்தான் பெரும்பாலும் நடக்கின்றன.

தேநீர் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? வணிகர்களாகிய நமக்கு இந்தக் கேள்வியில் இரட்டைப் பொறுப்பு உண்டு. நாளொன்றுக்கு ஐந்தாறு தேநீர் குடிப்பவர்கள் நாம். மாவட்டம் முழுவதும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தேயிலைத் தூள் விற்பவர்களும் நாமே. ஆகவே இதைப் பற்றிச் சற்று விவரமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

பழக்கம் வந்த வழி

நாஞ்சில் நாட்டுப் பெரியவர்களின் காலை உணவு பழங்கஞ்சி. உடம்புக்கு ஆகாவிட்டால் சுக்கும் கருப்பட்டியும் போட்ட சுக்குக்காப்பி. தேயிலை அன்று கப்பலேறிப் போகும் சரக்கு. 1903-ஆம் ஆண்டில் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதித் தேயிலை மீது வசூலித்த தீர்வைப் பணத்தில் விளம்பரம் தொடங்கியது. பிற்காலத்தில் அந்த விளம்பரம் நம் நாட்டுக்குள்ளேயே முனைப்பாக நடந்தது. தேநீர் தயாரிக்கும் முறையை விளக்கும் பலகைகள் இரயில் நிலையங்களில் வைக்கப்பட்டன. இன்று விளம்பரமே தேவையில்லாத அளவுக்குப் பழக்கம் வேரூன்றிவிட்டது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. காந்தியடிகள் 1942-இல் சிறையிலிருந்தபடி உடல்நலம் பற்றி எழுதிய நூலில், தேநீரில் உள்ள டானின் தோல் பதனிடப் பயன்படும் பொருள் என்றும், அது வயிற்றுக்கு நல்லதல்ல என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

இலையில் இருப்பது என்ன?

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எல்லாம் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த இலையை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. நாம் அதிகம் விற்பது சி.டி.சி. முறையில் அரைத்த டஸ்ட் ரகம். விரைவில் சாறு இறங்கும், திடமாக இருக்கும் என்பதால் தென்னகத்தில் இதற்குத்தான் கிராக்கி.

இலையில் பாலிஃபீனால் என்னும் பொருள்கள் நிறைந்துள்ளன. உடலின் உயிரணுக்கள் சிதைவதைத் தடுக்க இவை துணைபுரிவதாகக் கருதப்படுகிறது. சுறுசுறுப்பைத் தருவது கஃபீன். காப்பியில் இருப்பதைவிடத் தேநீரில் இது குறைவு. தியானின் என்ற மற்றொரு பொருளும் இருப்பதால், தேநீர் படபடப்பு அதிகமின்றி விழிப்பைத் தருகிறது.

பிரிட்டனில் 40 முதல் 69 வயது வரையுள்ள ஏறத்தாழ 5 லட்சம் பேரை 11 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் குடித்தது நம்மைப் போலவே கறுப்புத் தேநீர். நாளுக்கு இரண்டு கோப்பை அல்லது அதற்கு மேல் குடித்தவர்களிடம், தேநீரே குடிக்காதவர்களைவிட இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. பால் சேர்த்தவர்களுக்கும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஆனால் இது மக்களின் பழக்கத்தைப் பார்த்து எடுத்த கணக்கு. தேநீர் மட்டுமே இதற்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. தேநீர் ஒரு நல்ல பானம், மருந்தன்று. இதை விற்பவர் முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

நன்மையைக் கெடுக்கும் மூன்று

முதலாவது சர்க்கரை. கடைத் தேநீர் ஒன்றில் இரண்டு சிறு கரண்டி, அதாவது சுமார் 8 முதல் 10 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு தேநீர் என்றால் 48 முதல் 60 கிராம் ஆகிவிடுகிறது. நாளுக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த அளவின் சாரம். தேநீரிலேயே கணக்கு முடிந்துவிட்டால், கூடவே கடிக்கும் பழம்பஜ்ஜிக்கும் ரசவடைக்கும் எங்கே இடம்? நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறியது. கல்லாவில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் நம்மவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இரண்டாவது நேரம். காந்தியடிகள் குறிப்பிட்ட டானின் இங்கேதான் வேலை செய்கிறது. உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் அது பிடித்துக்கொள்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீரைத் தவிர்க்குமாறு கூறியிருக்கிறது. கஃபீன் நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் அறிவுரை. 150 மில்லி தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உள்ளவர்கள். நம் கடைகளில் பணிபுரியும் பெண்கள் பலர் இந்த வயதினரே. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எல்லோருக்கும் டீ வரவழைப்பது நம் அன்பின் அடையாளம்தான். ஆனால் அதே டீயை மூன்றரை மணிக்கு வரவழைத்தால் அன்பும் குறையாது, இரத்தமும் குறையாது. இரும்புச் சத்து மாத்திரையையும் தேநீரோடு விழுங்கக் கூடாது.

மூன்றாவது சூடு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் அறிவித்தது. தேயிலையைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல இது, சூட்டைப் பற்றியது. இரண்டு ஆற்று ஆற்றிக் குடித்தால் போதும். கொதிக்கும் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவருவதையும் விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய பைகளுக்கு 2019 சனவரி முதல் தடை உள்ளது. கடைக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தால் தீர்ந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு

மேலே சொன்ன மூன்றும் குடிப்பவர் கையில் இருப்பவை. நான்காவது கேடு அப்படியல்ல. அது விற்பவர் கையில் இருக்கிறது. அதுதான் கலப்படத் தூள்.

ஒரு தேநீருக்கு 2 கிராம் தூள் என்றால் கிலோவுக்கு 500 தேநீர் போடலாம். “எங்கள் தூளில் எழுநூறு போடலாம், விலையும் குறைவு” என்று ஒருவர் வந்தால் தேநீர்க் கடைக்காரருக்கு ஆசை வருவது இயல்பு. அந்த இருநூறு தேநீருக்கான நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். கடைகளில் ஒருமுறை கொதிக்கவைத்துக் கழித்த சக்கையைச் சேகரித்து, காயவைத்து, சாயமேற்றி மீண்டும் தூளாக்குவது நாட்டில் பல இடங்களில் பிடிபட்ட பழைய தந்திரம். முந்திரிப் பருப்பின் தோல், புளியங்கொட்டைத் தோல் போன்றவற்றை அரைத்துக் கலப்பதும் உண்டு. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின் போன்ற செயற்கைச் சாயங்கள் சில உணவுப் பண்டங்களில் குறிப்பிட்ட அளவுக்கு அனுமதிக்கப்பட்டவை. தேயிலையில் எந்தச் சாயத்துக்கும் அனுமதி இல்லை.

சக்கையில் தேயிலையின் சத்து ஏற்கெனவே இறங்கிவிட்டது. சாயத்தில் நன்மை ஏதும் இல்லை. ஆகவே தேநீரின் நன்மை என்று விஞ்ஞானிகள் எழுதியது எதுவும் இந்தத் தூளுக்குப் பொருந்தாது.

கடையிலேயே சோதிக்கலாம்

1. வடிதாள் அல்லது வெள்ளை மைஉறிஞ்சும் தாளில் சிறிது தூளைப் பரப்பி, நீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளை அகற்றிவிட்டுத் தாளைக் குழாய் நீரில் கழுவவும். நல்ல தூளானால் கறை நிற்காது. சாயமேற்றிய தூளானால் கரும்பழுப்புக் கறை தெரியும்.

2. கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை தூளைப் போடவும். நல்ல தூள் மெதுவாகவே நிறம் விடும். போட்ட உடனே நிறம் கோடு கோடாக இறங்கினால் ஐயப்பட வேண்டும்.

3. தூளைப் பரப்பி அதன் மேல் காந்தத்தை நகர்த்திப் பார்க்கவும். அரைக்கும் இயந்திரத் தேய்மானத்தால் சிறு அளவு இரும்பு வரக்கூடும். அதற்கும் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. காந்தத்தில் மீசை மீசையாக ஒட்டினால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பவும்.

இவை ஐயத்தை எழுப்பும் சோதனைகளே. முடிவு சொல்ல வேண்டியது பரிசோதனைக் கூடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், தவறான பெயரிட்டு விற்றால் 3 லட்சம் வரையிலும், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. உடல்நலத்துக்குப் பாதுகாப்பற்ற உணவை விற்றால் சிறைத் தண்டனையும் உண்டு.

“நான் வாங்கி விற்றவன்தானே, எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கும் சில்லறை வணிகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர் தாமே பொறுப்பாளி என்கிறது சட்டம். ஆகவே பில் இல்லாத தேயிலை மூட்டை எவ்வளவு மலிவானாலும் கடைக்குள் வரக் கூடாது. பில்லில் விற்பவரின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கவும். தரத்துக்கான உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டுப் பெறவும். மொத்த வணிகர்கள் கேட்காமலே அதைக் கொடுப்பது அழகு. பில்லும் உத்தரவாதமும் கைவசம் இருந்தால், வழக்கு என்று வரும்போது நம் தரப்பைச் சொல்ல ஆதாரம் இருக்கும்.

பெயரிலும் எச்சரிக்கை தேவை. ‘சர்க்கரை நோய் தீரும்’, ‘புற்றுநோய் வராது’ என்று அச்சிட்ட தேயிலைப் பொட்டலங்களை அலமாரியில் அடுக்காதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. செம்பருத்திப் பூ, ஆவாரம்பூ போன்றவற்றைப் பொடித்து ‘டீ’ என்ற பெயரில் விற்பதும் தவறு. தேயிலைச் செடியிலிருந்து கிடைப்பதற்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. பூவைப் பூவின் பெயராலேயே விற்கலாம், தடையில்லை.

தேநீர்க் கடை நடத்துவோர் கழிந்த சக்கையை எவருக்கும் விலைக்குக் கொடுக்க வேண்டாம். வாழைக்கும் தென்னைக்கும் உரமாக்கிவிடுங்கள். சக்கைக்கு விலை பேசி வருகிறவன் அதை எதற்கு வாங்குகிறான் என்று ஒரு கணம் சிந்தித்தால் போதும்.

நமக்கும் கொஞ்சம்

கடை திறக்கும் அவசரத்தில் காலை உணவைத் தவிர்த்து, இரண்டு டீயிலேயே பதினொரு மணி வரை ஓட்டும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தேநீர் பசியை மறைக்குமே தவிர, பசிக்கு உணவாகாது. முதலில் இரண்டு இட்லியாவது உண்ணுங்கள். தேநீரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று அல்லது நான்கோடு நிறுத்துங்கள். சர்க்கரையை அரைக் கரண்டியாகக் குறைத்துப் பழகுங்கள். மாலையில் ஒன்றைக் கட்டனாக மாற்றி எலுமிச்சை பிழிந்து குடியுங்கள். நம் மலைகளில் விளைந்து புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பில் ஒன்றைத் தட்டிப் போட்டால் மணமும் கூடும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், தூக்கம் வராமல் தவிப்பவர்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வணிக நண்பர்களே! பெரிய ஆய்வுக்கூடங்கள் தேநீரின் நன்மையை அளந்து சொல்கின்றன. அந்த நன்மை நம் ஊர் மக்களின் தம்ளரில் வந்து சேருமா என்பதை, நாம் கொள்முதல் செய்யும் மூட்டைதான் தீர்மானிக்கிறது. கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் இலாபத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மூட்டை கடைக்கு வந்ததும், பிரித்து அலமாரியில் வைப்பதற்கு முன்பாக, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நனைத்துப் பாருங்கள்.