ஆட்டுக்குப் பூச்சிமருந்து: அரை அளவு வேண்டாம்

வயலை விட்டு வந்த குடும்பத்துக்கு மிஞ்சிய முதல் பெரும்பாலும் இரண்டொரு ஆடுகளே. இடம்பெயர்ந்த இடத்தில் பல வீட்டு ஆடுகள் ஒரே தரையில் மேய்வதால், மாரி காலத்தில் பூச்சி பெருகும். கொடியது, இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழு. கழிச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்; இது கழிச்சல் இல்லாமலே கொல்லும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் வெளுத்திருந்தால், அல்லது தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கியிருந்தால், உடனே மருந்து வேண்டும்.

ஒரு போத்தலை நாலு வீட்டார் பங்கிட்டு, எல்லா ஆட்டுக்கும் கொஞ்சங் கொஞ்சமாகப் பருக்குவதுண்டு. காசில்லாதபோது வேறென்ன செய்வது என்பீர்கள். ஆனால் குறைந்த அளவுக்குச் சாகாமல் தப்பும் புழுக்களே பின்னர் பெருகும்; அவற்றுக்கு முழு அளவும் பலிக்காமற் போகும். அதிலும், இமை வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் முழு அளவாகக் கொடுப்பது மேல். அளவு ஆட்டின் நிறையைப் பொறுத்தது. செம்மறிக்கென்று போத்தலில் எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாதிருக்கலாம். மிருக வைத்தியரிடம் கேளுங்கள். சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது.

தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து சுவாசப்பைக்குள் போய்விடும். தலையை மட்டமாகப் பிடித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சினால் கடைவாய்ப் பக்கமாக மெல்ல விடுங்கள்.

காலையில் பனி காய்ந்தபின் மேயவிடுங்கள். கிளுவை, முள்முருக்குக் குழை வெட்டி உயரக் கட்டினால் இன்னும் நல்லது. புல்லில் ஏறும் புழுக்குஞ்சு அவ்வளவு உயரம் ஏறாது.