அமிலமா, காரமா?

புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. இவை புளிப்பதற்கு அந்த அமிலங்களே காரணம். அமிலத்துக்கு எதிரான தன்மை கொண்டவை காரங்கள். சுண்ணாம்பு நீர், சமையல் சோடாக் கரைசல், சோப்பு நீர் ஆகியவை காரத்தன்மை உடையவை. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் எல்லாப் பொருளையும் சுவைத்தோ தொட்டோ பார்க்க முடியாது. பல அமிலங்களும் காரங்களும் தோலையும் வாயையும் பொசுக்கிவிடும். அதனால்தான் வேதியியலில் நிறங்காட்டிகள் பயன்படுகின்றன.

அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டும் பொருளே நிறங்காட்டி. ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் ராபர்ட் பாயில் 1664-இல் தம் நூலில் விளக்கினார். பள்ளி ஆய்வகத்தில் உள்ள லிட்மஸ், லைக்கன் என்னும் உயிரியிலிருந்து எடுக்கப்படும் சாயம். அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். காரம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும்.

வீட்டிலும் நிறங்காட்டிகள் உண்டு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்தால் சோதனைத் தாள் தயார். அதன்மீது சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் சிவக்கும். அதே இடத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மஞ்சள் நிறம் திரும்பும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, காரத்தில் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அப்போது அது உட்கவரும் ஒளி மாறுவதால் நிறமும் மாறுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் சிவப்பதும் இதனால்தான். ஆனால் நடுநிலைக் கரைசலிலும் அமிலத்திலும் மஞ்சள் நிறம் மாறுவதில்லை. எனவே அதைக் கொண்டு காரத்தை மட்டுமே கண்டறியலாம். செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறோ இரண்டையும் காட்டும்: அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை.

இந்த வேறுபாட்டின் அடிப்படையைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ் விளக்கினார். நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவது காரம். கரைசலில் பொருள்கள் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை அவர் 1884-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்தபோது, தேர்வாளர்கள் அதற்குக் குறைந்த தரமே அளித்தனர். அதே கோட்பாட்டுக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கரைசல் எவ்வளவு அமிலத்தன்மை உடையது என்பதை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவீட்டை, கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் 1909-இல் அறிமுகப்படுத்தினார். இது வழக்கமாக 0 முதல் 14 வரை செல்லும். 25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் பி.எச். 7, அது நடுநிலை. 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும், எனவே பி.எச். 3 உள்ள கரைசலில் அது பி.எச். 5 உள்ளதைவிட நூறு மடங்கு. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. மனித இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே இருக்கும். வாயில் பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குவதால், இனிப்பு சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது முக்கியம்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் இணைந்து நீராகும். எஞ்சிய அயனிகள் உப்பாகும். இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரிந்தால் கிடைக்கும் உப்பு, சமையல் உப்பேதான். நெஞ்செரிச்சலுக்குத் தரும் மருந்துகளில் உள்ள மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வயிற்று அமிலத்தைத் தணிப்பதும், அமில மண்ணில் உழவர்கள் சுண்ணாம்பு இடுவதும் இதே வினைதான்.

ஆய்வகத்தில் ஒரு விதி கட்டாயம். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், அப்போது உண்டாகும் வெப்பத்தில் நீர் கொதித்து அமிலம் மேலே தெறிக்கும்.