பொருந்தினால் போதுமா? மாற்றுப் பேட்டரி வாங்கும் வணிகர் கவனத்திற்கு



சோழபுரம் போன்ற ஊர்களிலும் இன்று மளிகைக் கடை மேசையில் தராசுக்குப் பக்கத்தில் மடிக்கணினி இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் பில் போடவும் கணக்குத் தாக்கல் செய்யவும் அது தேவையாகிவிட்டது. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே, பிள்ளைகள் படித்து முடித்ததும் சில வீடுகளில் கடைக்கணக்குக்கு வந்து சேர்ந்தது. கணினி நன்றாக ஓடும். முதலில் களைத்துப்போவது பேட்டரிதான். கரண்ட் போனால் பாதி போட்ட பில்லோடு அணைந்துவிடும். உடனே மாற்றுப் பேட்டரி தேடி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கிளம்பிவிடுகிறோம்.

நாமும் அப்படிக் கிளம்பியவர்கள்தான். கம்பெனி பேட்டரியின் விலையில் பாதிக்கும் குறைவாக ஒன்று கிடைத்தது. அச்சாகப் பொருந்தியது. பில் நாமும் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. சில மாதங்களில் கணினி மூடி சரியாக மூடவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி உப்பியிருந்தது. விற்றவரிடம் போனோம். “நான் செய்த சரக்கா இது?” என்றார். உறையில் தயாரித்தவர் பெயரே இல்லை. பிறகு யாரிடம் முறையிடுவது?

உள்ளே இருப்பது என்ன?

பழைய கனத்த மடிக்கணினியின் பேட்டரிக்குள் உருளை வடிவ லித்தியம் செல்கள் இருக்கும். மெலிந்த புது ரகத்தில் தட்டையான பை வடிவச் செல்கள். கூடவே ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. அதுதான் காவல்காரன். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமலும், சூடு மிஞ்சாமலும் தடுப்பது அதன் வேலை. எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று கணினிக்குச் சொல்வதும் அதுவே. மலிவுச் சரக்கில் இந்தப் பலகையிலும் செல்லிலும்தான் கை வைக்கிறார்கள். பழைய பேட்டரியில் கழற்றிய செல்லுக்குப் புது உறை போடுவதும் உண்டு. புழுத்த பருப்பைப் புதுச் சாக்கில் கட்டியது போலத்தான்.

காவல் தவறினால் செல் சூடாகும். அந்தச் சூடே மேலும் சூட்டை வளர்த்துத் தீயில் முடியலாம். அட்டைப்பெட்டியும் சாக்கும் எண்ணெய் டின்னும் நெருக்கி அடுக்கிய நம் கடையில் அது எங்கே போய் நிற்கும்?

தீப்பிடிக்காவிட்டாலும் தொல்லை உண்டு. சில கம்பெனிகளின் கணினி, வெளியார் பேட்டரியை அடையாளம் காணாவிட்டால் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். சிலவற்றில் பாதி சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும்.

பெயரின் மதிப்பு

பெரிய கம்பெனி சரக்கில் தவறே வராதா? வரும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2007 ஆகஸ்டில் நோக்கியா, மட்சுஷிட்டா தயாரித்த பி.எல்.5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. பெயரும் எண்ணும் இருந்ததால்தான் அழைத்து மாற்றித்தர முடிந்தது. பெயரில்லாத சரக்கை யார் திரும்ப அழைப்பார்?

வெளியார் தயாரிப்பு எல்லாமே மோசம் என்று நாம் சொல்லவில்லை. பெயரும் பொறுப்பும் உள்ள வெளியார் தயாரிப்பும் உண்டு. முகவரி இல்லாததைத்தான் ஒதுக்கச் சொல்கிறோம்.

விற்பவருக்கும் ஒரு சொல்

பேட்டரி, சார்ஜர் வைத்து விற்கும் வணிகர்களும் நம்மில் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பொறுப்பேற்க நேரிடும். ஆகவே கொள்முதல் பில் இல்லாத சரக்கைக் கடையில் ஏற்றாதீர்கள்.

வாங்குமுன் பாருங்கள்

1. பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் மாடல் எண்ணை ஒப்பிடுங்கள். 11.1 வோல்ட் பேட்டரி இருந்த இடத்தில் 14.8 வோல்ட் கூடாது.

2. எடைக்கல்லில் முத்திரை பார்ப்பது போல, லேபிளில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

3. கொள்ளளவைக் கூட்டி அச்சிடும் வித்தை உண்டு. 11.1 வோல்ட், ஆறு உருளைச் செல் பேட்டரியில் 7000 எம்.ஏ.எச்.சைத் தாண்டுவது அரிது. 10,000 என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. உத்தரவாதம் எழுதிய பில் வாங்குங்கள்.

5. கடை அடைக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

6. உப்பினாலோ, கை பொறுக்காமல் சுட்டாலோ சார்ஜ் ஏற்றாதீர்கள். அழுத்தாமல், குத்தாமல் சரக்கை விட்டுத் தள்ளி வையுங்கள். குப்பையில் போடாமல் மின்கழிவு பெறுவோரிடம் ஒப்படையுங்கள்.

மிளகாய் வற்றலை உடைத்துப் பார்த்து, பருப்பைக் கடித்துப் பார்த்துக் கொள்முதல் செய்கிறவர்கள் நாம். கடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பேட்டரிக்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுப்போம். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக முதலையே பறிகொடுக்க வேண்டாம்.