1914–15: போருக்கு நடுவே ஓர் ஆங்கில லீக் சீசன்

1914 செப்டம்பரில் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் புதிய சீசன் தொடங்கியபோது, பிரிட்டன் போரில் இறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வீரர்கள் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் கிளப்புகள் நொடித்துப்போகும். அதனால் லீக் நடந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. பிறர் போர்முனையில் சாகும்போது திடகாத்திரமான ஆண்கள் சம்பளத்துக்குப் பந்து உதைப்பதா என்று பத்திரிகைகளில் கேள்வி எழுந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும் வீரர்களைப் படைக்கு அழைத்துப் பேசினார். குதிரைப் பந்தயமும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வசவு பெரும்பாலும் தொழிலாளர்களின் விளையாட்டான கால்பந்தின் மேலேயே விழுந்தது. அது நியாயமில்லை. டிசம்பரில் லண்டனின் ஃபுல்ஹாம் நகர மன்றத்தில் கால்பந்து வீரர்களுக்கென்றே ஒரு பட்டாலியன் தொடங்கப்பட்டது. கிளாப்டன் ஓரியன்ட் கிளப்பிலிருந்து வீரர்கள் கூட்டமாகவே சேர்ந்தார்கள். அவர்களில் மூவர் போரிலிருந்து திரும்பவில்லை.

முதல் டிவிஷனில் 20 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. பஞ்சாலை ஊரான ஓல்டமின் அணி அதுவரை பட்டம் வென்றதில்லை. அந்த ஆண்டு அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏப்ரல் 3 அன்று மிடில்ஸ்பரோவில் 4–1 என்று பின்தங்கியிருந்தபோது, ஓல்டமின் பில்லி குக்கை நடுவர் வெளியேற்றினார். அவர் மைதானத்தைவிட்டு நகர மறுத்தார். நடுவர் ஆட்டத்தையே பாதியில் நிறுத்திவிட்டார். அந்த 4–1 அப்படியே முடிவானது. குக்குக்கு ஓராண்டுத் தடை. கடைசிக் கட்டத்தில் சொந்த மைதானத்திலும் ஓல்டம் தோற்றது. 46 புள்ளிகளோடு எவர்டன் சாம்பியன், ஓல்டம் 45. எவர்டனின் பாபி பார்க்கர் மட்டும் லீக்கில் 35 கோல் அடித்திருந்தார்.

ஆனால் இந்தச் சீசனின் பெயரைக் கெடுத்தது பட்டியலின் அடிப்பகுதி. ஏப்ரல் 2, புனித வெள்ளி. மான்செஸ்டர் யுனைடெட் தன் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் லிவர்பூலைச் சந்தித்தது. யுனைடெட்டின் ஜார்ஜ் ஆண்டர்சன் இரண்டு கோல் அடித்தார். 2–0 ஆன பிறகு ஆட்டத்தில் உயிரே இல்லை. யுனைடெட்டுக்குக் கிடைத்த ஒரு பெனால்டியை பேட்ரிக் ஓகானல் கோலுக்கு வெகுதூரம் தள்ளி அடித்தார். லிவர்பூலின் ஃபிரெட் பக்னம் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டபோது, அவருடைய சக வீரர்களே அவரைக் கடிந்துகொண்டார்கள். சரியாக 2–0 என்ற முடிவின்மேல் பெருந்தொகை பந்தயம் கட்டப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. போரால் லீக் நின்றுவிடும், வருமானம் போய்விடும் என்ற அச்சம் எல்லா வீரர்களுக்கும் இருந்தது. அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. அதற்காக ரசிகர்களை ஏமாற்றியது மன்னிக்கத்தக்கதல்ல.

அந்த மாதமே எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டமும் ஓல்டு டிராஃபோர்டில்தான் நடந்தது. ஷெஃபீல்டு யுனைடெட் 3–0 என்று செல்சியை வென்றது. பார்வையாளர்களில் சீருடை அணிந்த படைவீரர்கள் நிறைந்திருந்ததால் அதற்குக் ‘காக்கி இறுதியாட்டம்’ என்ற பெயர் நிலைத்தது. அதன்பின் லீக் நான்கு ஆண்டுகள் நின்றது.

அந்தப் புனித வெள்ளி ஆட்டம் பற்றிய விசாரணை 1915 டிசம்பரில் முடிந்தது. இரு கிளப்புகளையும் சேர்ந்த ஏழு வீரர்களுக்கு வாழ்நாள் தடை. அவர்களில் மான்செஸ்டர் யுனைடெட்டின் சாண்டி டர்ன்புல் அந்த ஆட்டத்தில் ஆடவே இல்லை. உடந்தை என்ற குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். 1917இல் பிரான்சின் அராஸ் போர்முனையில் அவர் இறந்தார். போர் முடிந்ததும் மற்றவர்களின் தடை நீங்கியது. இறந்துபோன டர்ன்புல்லின் பெயரும் விடுவிக்கப்பட்டது. தான் குற்றமற்றவன் என்று நீதிமன்றம்வரை போய்த் தோற்ற யுனைடெட் வீரர் ஈனாக் வெஸ்டின் தடை மட்டும் 1945வரை நீடித்தது.

கிளப்புகளின் புள்ளிகளில் கை வைக்கப்படவில்லை. யுனைடெட் 30 புள்ளிகளோடு 18ஆம் இடத்தில் தப்பியது. செல்சி 29, டாட்டன்ஹாம் 28. அந்த 2–0 இல்லையென்றால் யுனைடெட் கீழிறங்கியிருக்கும். 1919இல் லீக் மீண்டபோது முதல் டிவிஷன் 22 அணிகளாக விரிந்தது. செல்சி தக்கவைக்கப்பட்டது. கடைசி இடத்தில் முடித்த டாட்டன்ஹாமுக்கு அந்தச் சலுகை இல்லை. எஞ்சிய இடத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் டிவிஷனில் முதலிரண்டு இடங்களில்கூட முடிக்காத அர்சனலுக்கு 18 வாக்குகள், டாட்டன்ஹாமுக்கு 8. அர்சனலின் தலைவர் ஹென்றி நோரிஸ் திரைமறைவில் ஆதரவு திரட்டினார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. டாட்டன்ஹாம் அடுத்த சீசனிலேயே இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது. அர்சனல் அதன்பின் ஒருமுறைகூடக் கீழிறங்கவில்லை.